கம்ப்யூட்டரில் கச்சேரி கேட்க எந்த பிளேயர்?

சிடிக்களை எல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கோப்புகளாக மாற்றி முடித்தாயிற்று. பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரிகள், கொஞ்சம் நாதஸ்வரம். காட்பாடி வீட்டுக் கம்ப்யூட்டரில் அவற்றை எதில் போட்டுக் கேட்பது என்பதுதான் அடுத்த வேலை. ஃபூபார்2000, மியூசிக்பீ இரண்டையும் இறக்கி வைத்தேன். இரண்டும் இலவசம்.

இந்தப் பிளேயரில் குரல் இனிக்கும், அதில் மேடை விரியும் என்றெல்லாம் சொல்வார்கள். காதை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. மே மாதத்து வேலூரில் ஃபேனை நிறுத்திவிட்டு யார் உட்கார முடியும்? அதனால் கோப்பில் உள்ள பிட்டுகள் மாறாமல் வெளியே வருகின்றனவா என்பதை முதலில் பார்த்தேன்.

சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்து எழுதிய எண்), ஒவ்வொன்றும் 16 பிட். விண்டோஸ் எல்லாச் சத்தத்தையும் ஒரு மிக்சரில் கலந்துதான் வெளியே விடும். அந்த மிக்சர் 48,000-இல் வைக்கப்பட்டிருந்தால் பாட்டும் 48,000-க்கு மாற்றப்படும். 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த வாசாபி என்ற ஒலி வழியில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று ஒரு முறை உண்டு. அதில் பிளேயர் மிக்சரைத் தொடாமல் நேரே டிஏசிக்கு (எண்களை ஒலியாக மாற்றும் கருவி) அனுப்பும். அந்த நேரம் வேறு எந்தச் சத்தமும் அந்த வழியே வராது. ஆலாபனை நடுவே மெசேஜ் ‘டிங்’ கேட்காது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

சோதிக்க டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஒலி முறை உதவியது. ஆற்காட்டில் சித்தப்பா வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர் சும்மா கிடந்தது. டிடிஎஸ் சிடியிலிருந்து எடுத்த வேவ் கோப்பு வெளிப்பார்வைக்குச் சாதாரண 16 பிட் பாட்டு மாதிரிதான் இருக்கும். அது ஆப்டிகல் கேபிள் வழியே அப்படியே போய்ச் சேர்ந்தால் ரிசீவர் அடையாளம் கண்டு ‘டிடிஎஸ்’ விளக்கைப் போடும். நடுவில் யாராவது கை வைத்திருந்தால் வெறும் இரைச்சல்தான். செய்து பார்ப்பவர்கள் ரிசீவர் வால்யூமை நன்றாக இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். ஹெட்போன் வேண்டவே வேண்டாம், அந்த இரைச்சல் காதைப் பதம் பார்த்துவிடும்.

மிக்சர் 48,000-இல் இருந்தபோது இரண்டு பிளேயரிலும் ‘ஷ்ஷ்ஷ்’. எக்ஸ்க்ளூசிவுக்கு மாற்றி, டித்தர் (மெல்லிய இரைச்சல் சேர்ப்பது), ஈக்வலைசர் எல்லாவற்றையும் எடுத்ததும் இரண்டிலும் விளக்கு எரிந்தது. ஃபூபாரில் வால்யூமைத் துளி இறக்கினேன். விளக்கு அணைந்தது, மறுபடி இரைச்சல். ரீப்ளேகெயின் (பாட்டுகளின் சத்தத்தை ஒரே அளவாக்குவது) போட்டாலும் அதே கதை. ஆக, ஒழுங்காக அமைத்துவிட்டால் இரண்டும் கொடுப்பது ஒரே எண்களைத்தான். ஒலியை வைத்து இவற்றுக்குள் உசத்தி தாழ்த்தி பேசுவதில் அர்த்தமில்லை.

இதற்காக வால்யூமைக் குறைத்தால் பாட்டு கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். 24 பிட்டில் வெளியே விட்டால் 16 பிட் பாட்டுக்குக் கீழே இன்னும் 8 பிட் இடம் இருக்கிறது, ஏறக்குறைய 48 டெசிபல். தாராளம்.

அப்புறம் இடைவெளி. கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக். நடுவே தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே அரை நொடி வெட்டு விழுந்தால் உடம்பே கூசும். படம் பார்க்க வைத்திருந்த பிளேயரில் போட்டபோது, மிருதங்கம் வாசிக்கும் சித்தப்பா, “இன்னாப்பா, சுருதி நடுவுல அறுந்து போவுது?” என்றார். அதே இடத்தை ஃபூபாரில் போட்டேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் டிராக் மாறியதைக் கவனிக்கவே இல்லை. மியூசிக்பீயும் இதில் குறை வைக்கவில்லை. எம்பி3 ஆக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றுச் சத்தம் ஒட்டிக்கொள்ளும், பிளேயர்தான் அதைக் கணக்குப் பார்த்துக் கழிக்க வேண்டும். ஃபிளாக்கில் அந்தத் தொல்லை கிடையாது.

கடைசியில் ஃபூபாரை வைத்துக்கொண்டதற்குக் காரணம் டேக்தான், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் பாட்டு விவரம். 2002-இல் பீட்டர் பாவ்லோவ்ஸ்கி வெளியிட்ட இந்த மென்பொருளின் முகப்பு, பார்த்தவுடன் வறட்சியாகத் தெரியும். மியூசிக்பீ ஆல்பம் படங்களோடு எடுத்த எடுப்பிலேயே அழகாக நிற்கிறது. நோண்டுவதில் ஆர்வமில்லாதவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் ஃபூபாரில் ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று எனக்குத் தேவையான டேக்குகளை நானே சேர்த்து, அவற்றையே பட்டியலில் பத்திகளாக வைக்க முடிகிறது. ஃபிளாக்கின் டேக் எப்போதும் யூனிகோடு என்பதால் தமிழிலேயே எழுதிவிட்டேன். ‘தோடி’ என்று தட்டினால் வீட்டில் இருக்கிற தோடி எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. இந்தச் சந்தோஷம் எனக்கு எந்த ஒலி அமைப்பிலும் கிடைத்ததில்லை.

பழைய எம்பி3க்கள் பாக்கி இருக்கின்றன. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் போட்ட டேக்குகள், ஃபூபாரில் புரியாத குறிகளாகத்தான் தெரிகின்றன. ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டும். ராணிப்பேட்டை நண்பர் லினக்ஸ் போட்ட லேப்டாப் ஒன்று தருகிறேன் என்றிருக்கிறார். வந்ததும் அதில் ஸ்ட்ராபெரி என்ற பிளேயரைப் போட்டு இதே டிடிஎஸ் கோப்பை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.