"தம்பிக்கு ஏலாது" என்றார்கள், கல்முனையில் முறையிட்டேன்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரச அலுவலக வேலை. எழுத்துப் பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளி. நேர்முகப் பரீட்சையில் ஒருவர் என் செயற்கைக் காலைப் பார்த்துவிட்டு, "வெளிக்கள வேலை, தம்பிக்கு ஏலாது" என்றார். பக்கச் சில்லு பூட்டின ஸ்கூட்டியில் திருக்கோவிலில் இருந்து தனியாகத்தான் போயிருந்தேன். எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. மறுகா வந்த பட்டியலில் என்னைவிடக் குறைந்த புள்ளிக்காரர் இருந்தார், நான் இல்லை.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையில் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதிக் கொடுக்கலாம். நான் இரண்டு பக்கத்துக்கு மனக்குறையைக் கொட்டியிருந்தேன். அங்கிருந்த அக்கா வாசித்துவிட்டு, "கவலையைக் கடைசியில எழுதுங்க தம்பி. யார், எந்தத் திகதி, சொன்ன வசனம் என்ன, அதை முதல்ல எழுதுங்க" என்றார். அழைப்புக் கடிதம், புள்ளி விபரம், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றின் பிரதியையும் இணைத்தேன்.

திகதிதான் உயிர். அடிப்படை உரிமை மனுவை உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று அடுக்குகிறது. உடற்குறைபாடு அதில் இல்லை. அதனால் 12(1)இன் பொதுவான சமத்துவத்தையும், உடற்குறைபாட்டைக் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டோம். அரச வேலையில் 3 சதவீதம் உடற்குறைபாடு உள்ள எங்களுக்கு என்ற 1988ஆம் ஆண்டுச் சுற்றுநிருபமும் இருக்கிறது. விசாரணையில் அதைக் காட்டியபோது எதிர்த்தரப்பு அதிகாரி புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஆணைக்குழு பரிந்துரைதான் செய்யலாம், கட்டளை போட முடியாது. இதைச் சொல்லிப் பலர் சிரிக்கிறார்கள். ஆனால் விளக்கம் கேட்டு அங்கிருந்து கடிதம் போனால் அலுவலகம் பதில் எழுதியே ஆக வேண்டும், எழுத அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. திரும்பவும் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள், வேலையும் கிடைத்தது. ஆனால் பணி மூப்பு எனக்குப் பிறகு எடுபட்ட அடுத்த அணியோடுதான். அதற்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாடகை அறை வேறு கதை. "படியில விழுந்தா எங்களுக்குப் பிரச்சினை" என்று ஒரு வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராகத்தான், தனியார் வீட்டுக்காரரிடம் அது செல்லாது. கடைசியில் கூட வேலை செய்பவர் சொல்லித்தான் கீழ்மாடியில் ஓர் அறை கிடைத்தது.