ஆறு கரண்டிகளும் ஒரே கீறலும்

என் மைத்துனர் சென்ற மாதம் வாங்கிவந்த ஆறு வெள்ளிக் கரண்டிகளும் 1750-களில் லண்டனில் செய்யப்பட்டவை என்று விற்றவர் உறுதி கூறியிருந்தார். சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு நகைக்கடையில் உரைத்துப் பார்த்தபோது நல்ல வெள்ளி என்றே வந்ததால், மைத்துனரும் மனநிறைவோடு இருந்தார்.

நானும் என் பங்குக்குச் சோதித்தேன். சமையலறைத் தராசில் ஒரு தம்ளர் நீரை வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நூலில் கட்டிய கரண்டியைத் தம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டேன். 62 கிராம் எடையுள்ள கரண்டிக்குத் தராசு 6 கிராம் காட்டியது. வகுத்தால் 10.3 வருகிறது, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி சேர்ந்த உலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழ இதுதான். பெயரில் மட்டுமே வெள்ளி உள்ள, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வருக்கு முலாம் பூசியதாக இருந்திருந்தால் 7 கிராமுக்கு மேல் காட்டியிருக்கும். ஆனால் இந்தச் சோதனையும் உரைகல்லும் உலோகத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. வயதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. பழைய கரண்டி ஒன்றை அச்செடுத்து நல்ல வெள்ளியிலேயே வார்த்துவிட்டால், வெள்ளியின் தரத்தையும் ஊரையும் ஆண்டையும் காட்ட அதில் அடித்திருந்த முத்திரைகளும் அதனோடு சேர்ந்தே வார்ந்து வந்துவிடும்.

எனவே பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு சன்னலருகே அமர்ந்தேன். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் கரண்டிகளின் முத்திரைகள் காம்பின் பின்புறத்தில், குழிக்கு அருகே, ஒவ்வொன்றாகத் தனித்தனியே அடிக்கப்பட்டன. அந்த இடத்தில் காம்பு மிகக் குறுகலானது. அடி விழுந்ததும் வெள்ளி பக்கவாட்டில் பிதுங்கும். பத்தர் அதை மறுபடி சுத்தியலால் தட்டிச் சீராக்கும்போது முத்திரையும் இழுபட்டுக் கோணலாகும். ஆகவே ஒரே தொகுதியைச் சேர்ந்த கரண்டிகளில்கூட இரண்டின் முத்திரைகள் அச்சாக ஒத்திருக்க வழியில்லை. இந்த ஆறிலோ முத்திரைகளின் இடைவெளியும் சாய்வும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன. லண்டன் முத்திரையான சிறுத்தைத் தலையின் காதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மெல்லிய கீறல் ஒன்று, ஆறிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் இருந்தது. அதைக் கண்ட பிறகு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: முத்திரைகளின் ஓரங்கள் கரைந்த சோப்பைப் போல் மழுங்கியிருந்தன, உட்பகுதியில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிந்தன.

ஒப்பிடுவதற்கு என்னிடமிருந்த கரண்டி, சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே வாங்கியது. அதன் ஆண்டெழுத்து, அதாவது முத்திரையிட்ட ஆண்டுக்கு அடையாளமாக அடித்த எழுத்து, 1820-ஐக் குறிக்கிறது. சிறுத்தைத் தலையில் கிரீடம் இருக்கிறது. வெள்ளியின் தரத்தைக் காட்டும் முத்திரையான சிங்கம் முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கிறது. 1821-இல் லண்டன் முத்திரையில் கிரீடம் நீங்கியது, சிங்கமும் நம்மைப் பார்க்காமல் தான் நடக்கும் திசையிலேயே பார்க்கத் தொடங்கியது. 1784 முதல் 1890 வரை இருந்த வரி முத்திரையான அரசர் தலையும் அதில் உண்டு. இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். குழியின் நுனி இடப்பக்கமாகத் தேய்ந்திருப்பது, வலக்கைக்காரர்கள் நெடுங்காலம் தட்டில் உரசி உண்டதன் அடையாளம்.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீனாவின் காண்டன் நகரப் பத்தர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்குச் செய்த கரண்டிகளில் பிரிட்டிஷ் முத்திரைகளைப் போன்ற குறிகளைத் தாங்களே அடித்தார்கள். அவற்றைப் போலி என்று ஒதுக்குவது தவறு; அவற்றுக்கென்று தனி மதிப்பு உண்டு.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். இந்தக் கரண்டிகள் இனி வேறொருவரையும் ஏமாற்றக் கூடாது என்பதால் அவற்றை உருக்கிவிடும்படி மைத்துனரிடம் கேட்டுக்கொண்டேன். ஐந்தை உருக்கக் கொடுத்துவிட்டார். மீதமுள்ள ஒன்றை, கேட்பவர்களுக்கு அந்தக் கீறலைக் காட்டுவதற்காக, வெள்ளி விலை கொடுத்து நானே வாங்கி, வார்ப்பு என்று எழுதிய அட்டையோடு கட்டி வைத்திருக்கிறேன்.