பெராக்சைடு ஸ்ட்ரிப்பும் ஒரு நோட்டும்

எங்கள் சாயப்பட்டறை யூனிட்டுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண், டெக்ஸ்டைல் பிராசஸிங் டிப்ளமோ கடைசி வருடம், லிங்க்ட்இனில் தன்னைப் பற்றி எழுதி வைத்திருந்ததைப் போன வாரம் காட்டினாள். "சார், சுற்றுச்சூழல்ல ஆர்வம் உண்டுன்னு ஒரு வரி சேர்த்துக்கட்டுங்களா? எல்லாரும் போடறாங்க" என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்ல வரவில்லை. இன்றைக்கு நான் இருக்கும் வேலையே அந்த விஷயத்தால் கிடைத்ததுதான், ஆனால் அந்த வரியை நான் எங்கேயும் எழுதியதில்லை.

திருப்பூரில் சாயப்பட்டறை வேலையைப் பற்றிப் பேசினால் நொய்யல் ஆறும் பேச்சில் வந்துவிடும். என் பெரியம்மா வீடு ஒரத்துப்பாளையம் பக்கம். பாசனத்துக்கென்று 1992ல் கட்டி முடித்த அணை, கொஞ்ச வருடத்திலேயே சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிப் போனது. பள்ளிக்கூட லீவுக்கு அங்கே போனால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, மாட்டுக்குக்கூட வெளியிலிருந்துதான் தண்ணீர் வரும். 2009ல் நான் ஒரு பட்டறையில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்த செய்தியை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் சொன்னேன். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத ஏற்பாடு வந்த பிறகுதான் திறக்கலாம் என்று உத்தரவு. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. என்னோடு ரூமில் இருந்த தேனிக்காரர்கள் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள், திரும்பவே இல்லை. எனக்கும் மாதக்கணக்கில் சம்பளம் கிடையாது. கோபம் வந்தது, ஆனால் பெரியப்பாவின் தோட்டத்தை நினைத்தால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியவில்லை.

அப்புறம் பட்டறைகள் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஆர்.ஓ., எவாபரேட்டர் என்று போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தன. "இனிமே தண்ணி வெளியே போறதில்லை, பிரச்சினை தீர்ந்தது" என்று ரொம்பப் பேர் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். உண்மையில் ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புத் தண்ணீரை எவாபரேட்டரில் காய்ச்சி வற்ற வைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லரில் விறகு எரிய வேண்டும், அதெல்லாம் முடிந்த பிறகும் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கும். ஆற்றுக்குப் போகவில்லை என்பது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் மெஷினில் ஒரு லிட்டர் குறைந்தால்தான் அந்தப் பக்கம் விறகும் உப்பும் குறையும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 500 கிலோ துணி, கிலோவுக்கு 8 லிட்டர் என்று வைத்தால் ஒரு பாத்துக்கு, அதாவது மெஷினை ஒரு தடவை நிரப்ப, 4,000 லிட்டர். வெளுக்க, சாயம் ஏற்ற, அலச, சோப்புப் போட, மறுபடி அலச என்று எட்டு ஒன்பது முறை தண்ணீர் மாறும். நேவி, கறுப்பு மாதிரி அடர் ஷேடு என்றால் சாயம் துணியில் ஏற லிட்டருக்கு 70 கிராம் உப்பு, அதாவது அந்த ஒரு லாட்டுக்கு மட்டும் 280 கிலோ. இப்போது ஷேடு சரியாக வரவில்லை, திரும்பச் சாயம் போட வேண்டும் என்றால்? கிட்டத்தட்ட அவ்வளவும் இன்னொரு தடவை. ஒரு பட்டறையில் வீணாவது எங்கே என்று என்னைக் கேட்டால், சொட்டும் குழாயைவிட முதலில் இந்த ரீ-டையிங்கைத்தான் காட்டுவேன்.

நான் நோட்டுப் போட ஆரம்பித்த கதை பெருமைப்படும் கதை இல்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி, மூன்று மாதத் தண்ணீர் மீட்டர் கணக்கை உட்கார்ந்து எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பேனாவை மாற்றி மாற்றி எழுதச் சொல்லி யோசனை வேறு. காலையில் வந்த ஆடிட்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டு நல்லா வெச்சிருக்கீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, எந்த லாட் திரும்ப மெஷினுக்குப் போனது, ஏன் போனது என்று எனக்காக மட்டும் எழுத ஆரம்பித்தேன்.

முதல் மாதம் ஆபரேட்டர்கள் யாரும் ஒத்துழைக்கவில்லை. மூத்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் நேராகவே கேட்டார். "ஏனுங் தம்பி, இந்த நோட்டை ஆபீஸ்ல காட்டுனா எங்க சம்பளத்துல புடிப்பாங்களா?" நியாயமான கேள்வி. அதற்கு அப்புறம் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன், லாட் நம்பரும் காரணமும் மட்டும்தான். என் ரெசிப்பி தப்பாக இருந்து போன லாட்டுகளுக்கு மட்டும் 'லேப்' என்று சிவப்பு மையில் எழுதினேன். அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்த பிறகுதான் அந்த அண்ணன் தானாக வந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார். உப்பு முழுதாகக் கரைவதற்குள் ஏற்றிவிட்டோம், ராத்திரி ஷிப்ட்டில் பி.ஹெச். பார்க்கவில்லை, இரண்டு நூல் லாட் கலந்து வந்துவிட்டது என்று.

இரண்டு மாதம் எழுதியதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 'ஷேடு லைட், திட்டுத் திட்டு' என்று அடிக்கடி வந்த லாட்டுகளில் நிறைய, துணியை வெளுக்கப் போட்ட பெராக்சைடு மிச்சம் இருந்ததால் கெட்டவை. மிச்சமிருக்கும் பெராக்சைடு, பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தைத் தின்றுவிடும். புத்தகத்தில் படித்ததுதான், எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவசரத்தில் யாரும் சோதிப்பதில்லை. ஒரு சின்ன ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தால் போதும், நீலமாக மாறினால் இன்னும் பெராக்சைடு இருக்கிறது. அந்த டப்பாவை லேபில் பூட்டி வைத்திருந்தோம். நான் செய்ததெல்லாம் அதை மெஷின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததுதான். ரீ-டையிங் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. ராத்திரி ஷிப்ட்காரர்களுக்கும் காலையில் திட்டு வாங்குவது நின்றது. இதுவும் முக்கியம் என்று நினைக்கிறேன். தண்ணீரைக் காப்பாற்று என்று சுவரில் எழுதி ஒட்டினால், ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவருக்கு அது இன்னொரு சுமை. அவருடைய வேலையும் கொஞ்சம் லேசானால்தான் அவர் நம்மோடு வருவார்.

இந்த யூனிட்டுக்கு இன்டர்வியூ வந்தபோது என்ன சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். நோட்டின் ஜெராக்ஸைக் கொடுத்தேன். அவர்கள் முதலில் நின்று பார்த்தது சிவப்பு வரிகளைத்தான். "இது ஏன் கலர் மாத்தி இருக்கு?" "அது என் தப்புங்க." அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். பெர்சனல் பிராண்ட் என்று இப்போது சொல்வதை எங்கள் பக்கம் 'பேரு' என்பார்கள். எனக்கு இருக்கும் பேரு அந்த ஜெராக்ஸில் இருந்து வந்ததுதான். உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று நட்டு போட்டோ போடுவதைத் தப்பென்று சொல்லவில்லை, நானும் நட்டிருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்து என்னிடம் யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை.

ஷெட்டில் கிடக்கும் உப்பு மூட்டைக்கு இன்னும் என்னிடம் வழி இல்லை. குறைந்த உப்பே போதும் என்கிற சாயங்களை லேபில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், சில ஷேடு வருகிறது, சிலது வர மறுக்கிறது.

அந்தப் பெண்ணிடம், "போன வாரம் நீ லேபில் போட்ட சாம்பிள் சாயத்தில் எத்தனை திரும்பப் போட்டாய், ஏன்?" என்று மட்டும் கேட்டேன். முகம் சுருங்கிப் போனது. இரண்டு நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு பக்கம் படமெடுத்து அனுப்பியிருந்தாள், கோடு போட்ட தாளில் தேதி, ஷேடு, காரணம். கீழே ஒரு கேள்வி: "சார், இதுல மூணு நான் எடை தப்பாப் போட்டது. அதையும் எழுதணுங்களா?"

"எழுதும்மா. சிவப்புப் பேனா என் டேபிள்ல இருக்கு" என்று பதில் போட்டேன்.