ஜியோவன்னாவின் பக்கத் தோற்றம்

2025 ஜூன் 9, திங்கள், திருகோணமலை

உயர்தரச் சித்திர வகுப்புக்காக, பதினைந்தாம் நூற்றாண்டின் இத்தாலிய ஓவியர் கிர்லாந்தாயோ தீட்டிய ஜியோவன்னா தோர்னபுவோனியின் உருவப்படத்தைச் சுவரில் ஒட்டினேன். மூலப்படம் மத்ரித் நகரின் தைசென்-போர்னெமிசா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 77 சென்ரிமீற்றர் உயரமுள்ள மரப்பலகை. பார்த்த மாத்திரத்தில் ஒரு மாணவி, "நல்ல அடக்கமான பிள்ளை, ரீச்சர்" என்றாள். எதைக் கொண்டு சொல்கிறாய் என்று கேட்டேன். முகத்திலேயே தெரிகிறதே என்றாள். அந்த விடையோடு பாடத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

விடுமுறையாதலால் படத்தோடு நெடுநேரம் இருக்க முடிந்தது. குடும்பத்தின் நிலையைப் பற்றிப் படம் எதையும் மறைக்கவில்லை. பொன்னிழை ஓடும் மேலாடையில் கணவன் லொரென்சோவின் முதலெழுத்தும் தோர்னபுவோனி குடும்பத்தின் வைரச் சின்னமும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் கலியாணப் படம் எடுக்கும்போது தாலிக்கொடியை வெளியே எடுத்துவிடுவது போல, அவள் எந்த வீட்டுக்கு உரியவள் என்பது முகத்துக்கு முன்பே சொல்லப்பட்டுவிடுகிறது. மார்பில் முத்துப் பதக்கம். பின்னாலுள்ள மாடத்தில் இன்னொரு நகை, செபப் புத்தகம், தொங்கும் பவள மாலை. புத்தகமும் மாலையும் பக்தியைக் காட்டுகின்றன என்பது சரி. ஆனால் பக்தியும் நற்குடிப் பெண்ணிடம் எதிர்பார்க்கப்பட்ட ஓர் உடைமையே என்பதால், அதைக் கொண்டு இவளுடைய உள்ளத்தை அளக்க நான் உடன்படேன்.

கண்கள் நம்மைப் பார்க்காததைத்தான் அந்தப் பிள்ளை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஜியோவன்னா வாழ்ந்த ஃபுளோரன்ஸ் நகரில் பெண்களைப் பக்கவாட்டில் வரைவது பழைய வழக்கம். எனினும் லியனார்டோ டா வின்சி 1470களிலேயே ஜினேவ்ரா தே பென்சி என்ற பெண்ணை நம் பக்கம் திருப்பி வரைந்துவிட்டார். ஆகவே இந்தத் தோற்றம் வேறு வழியின்றி வந்ததல்ல, தேர்ந்தெடுக்கப்பட்டது. 1486இல் மணமான ஜியோவன்னா 1488இல், இருபது வயதளவில், கர்ப்பிணியாக இருந்தபோது இறந்தாள். படம் அதன் பின்னரே முடிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரோவியத்திலும் கிர்லாந்தாயோ அவளை இதே பக்கத் தோற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். நிமிர்ந்த அந்த நீண்ட கழுத்தும் கைக்குட்டையைப் பற்றிய விரல்களும், இறந்த மருமகளைக் குடும்பம் எப்படி நினைக்க விரும்பியது என்பதையே எனக்குச் சொல்கின்றன.

ஜூன் 14, சனி

மாடத்தின் பின்சுவரில் ஒட்டியதுபோல் தீட்டப்பட்ட சிறு தாளை இன்று பெரிதாக்கிக் காட்டினேன். உரோமக் கவிஞர் மார்ஷியலைத் தழுவிய இலத்தீன் வரிகளும், 1488 என்ற ஆண்டும் அதில் உள்ளன. கலையே, குணத்தையும் உள்ளத்தையும் உன்னால் தீட்ட முடிந்திருந்தால் உலகில் இதைவிட அழகிய படம் இருந்திராது என்பது அவ்வரிகளின் பொருள். தன் கைக்கு எட்டாதது எது என்பதை ஓவியத்துக்குள்ளேயே எழுதி வைத்த அந்த நேர்மைக்காகவே இந்தப் படத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

"அப்ப அவ அடக்கமானவ இல்லையா, ரீச்சர்?" என்று அதே மாணவி கேட்டாள். இருந்திருக்கலாம், படம் அதற்குச் சாட்சியாகாது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "குணம் நல்லதெண்டு அந்தத் தாளும் சொல்லுதுதானே, அதையும் வீட்டுக்காரர்தானே எழுதுவிச்சிருப்பினம்" என்றாள். அவள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.