பாங்காக்கில் எந்தத் தெருவில் அறை எடுப்பது?

பாங்காக்குக்கு டிக்கெட் போட்டாச்சு, எந்த ஹோட்டல் நன்றாக இருக்கும் என்று கேட்கிறவர்களிடம் நான் ஹோட்டல் பெயரே சொல்வதில்லை. எந்த ரயில் ஸ்டேஷன், எந்த சோய் (கிளைத்தெரு), சோய்க்குள்ளே எவ்வளவு தூரம் நடக்கணும், இந்த மூன்றையும் முதலில் முடிவு பண்ணுங்கள், ஹோட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். அறை சுமாராக இருந்தால்கூட சமாளித்துவிடலாம். ராத்திரி ஒன்பதரைக்கு ரயிலை விட்டு இறங்கி அறைக்கு நடக்கிற வழி சரியில்லை என்றால் பயணமே கசந்துவிடும்; சாயங்காலம் ஆனதுமே திரும்பிப் போகணுமே என்ற நினைப்பு வந்து எதையும் நிம்மதியாகப் பார்க்க விடாது.

நாங்கள் போனது அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் என் மகள். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்குவதென்றால் பயம். மகளுக்கு இரவுச் சந்தை பார்த்தே ஆகவேண்டும். கூட ஆண்கள் யாரும் வரவில்லை, அதனால் வீட்டில் ஆளாளுக்கு டூர் பேக்கேஜில் போய்விடச் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு பஸ்ஸில் ஏற்றி ஊரெல்லாம் இறக்கி ஏற்றும் பயணத்துக்கு அம்மாவால் ஈடுகொடுக்க முடியாது, நடுவில் களைத்துப்போனால் அறைக்குத் திரும்பிவந்து ஒரு மணி நேரம் படுக்க வழி இருக்கணும். அதற்கு அறை சரியான இடத்தில் இருக்கணும். ஆக, ஏரியா தேடுவதற்கு மட்டும் நான் நிறைய நேரம் உட்கார்ந்தேன், உட்கார்ந்தது வீண்போகவில்லை.

முதலில் இந்த சோய் விஷயம். பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத்தெருவைத்தான் அங்கே சோய் என்கிறார்கள். சுகும்வித் மாதிரி நீளமான சாலைகளில் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை எண் என்று வரிசையாகப் போகும், முகவரி கண்டுபிடிக்க சுலபம். ஆனால் ஒரு சோய்க்குள் நுழைந்து அடுத்த சோய் வழியாக வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போடக்கூடாது, பல சோய்கள் முட்டுச்சந்து. வயலும் வாய்க்காலுமாக இருந்த நிலத்தில் அவரவர் தங்கள் துண்டுக்குள் வழிவிட்டு வீடு கட்டிக்கொண்டே போனதில் உருவான தெருக்கள், ஒன்றோடொன்று சேராது. அதனால் புக்கிங் ஆப்பில் 'ஸ்டேஷனிலிருந்து 300 மீட்டர்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் காக்கை பறக்கிற தூரம். நடக்கிற தூரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட இருக்கும். மேப்பில் ஸ்டேஷனின் வாசல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஹோட்டல் வாசலுக்கு நடைபாதை வழி போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் நம்பத்தகுந்த கணக்கு.

வாசல் எண் ஏன் என்றால், பிடிஎஸ் ரயில் ஓடுவது சாலைக்கு மேலே மேம்பாலத்தில். 1999 டிசம்பரில் அதைத் திறந்தபோது பெரும்பாலான ஸ்டேஷன்களில் லிஃப்டே கிடையாது, மாற்றுத்திறனாளிகள் வழக்குப் போட்டு, 2015இல் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் வைக்கச்சொல்லி தீர்ப்பு வாங்கினார்கள். இப்போது நிறைய வந்துவிட்டது, ஆனாலும் எல்லா வாசலிலும் இல்லை, எஸ்கலேட்டரும் பல இடங்களில் மேலே ஏறுவதற்கு மட்டும்தான். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் லிஃப்ட் இருக்கும் வாசல் எது, அது ஹோட்டல் இருக்கும் பக்கமா, சாலைக்கு எதிர்ப்பக்கமா என்பதைக் கட்டாயம் பார்க்கணும்.

நம்மவர்கள் அதிகம் தங்குவது சுகும்வித்தில் நானா, அசோக் பக்கம், இல்லையென்றால் பிரதுநாம். சுகும்வித்தைக் குறை சொல்ல எதுவுமில்லை, அசோக்கில் பிடிஎஸ்ஸும் எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலும் சந்திக்கின்றன, இந்திய உணவகங்கள் ஏராளம், பெரிய மருத்துவமனையும் பக்கத்தில். ஆனால் அங்கே ஒரு சோய்க்கும் அடுத்த சோய்க்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். என் சித்தப்பா குடும்பத்துக்கு ஊரில் ஒரு ஏஜெண்ட் நானா ஸ்டேஷன் பக்கத்தில் சோய் 4இல் அறை போட்டுக் கொடுத்திருந்தார். ஹோட்டல் சுத்தமான ஹோட்டல். ஆனால் அந்த சோய் முழுக்க பார்கள், ராத்திரி ஆனதும் தெருவே வேறு முகம் காட்டும், பத்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் அதன் வழியாகத்தான் வந்து போனார்கள். யாரும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை, ஆபத்தும் இல்லை, ஆனால் சித்தி இன்றைக்கும் அந்த ஊர்ப் பேச்சை எடுத்தால் முகம் சுளிக்கிறாள். ஏஜெண்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அசோக்குக்குப் பக்கத்தில் சோய் கௌபாய், சிலோமில் பட்போங், இவையும் அதே ரகம். குடும்பமாகப் போகிறவர்கள் இந்த மூன்றையும் விலக்கிவிட்டால் மிச்ச இடமெல்லாம் தாராளம். சுகும்வித்திலேயே தங்கணும் என்றால் பிரோம் போங் பக்கம் பூங்காவும் கடைகளுமாக அமைதியாக இருக்கும், வாடகை கொஞ்சம் அதிகம். ஓன் நூத் இன்னும் தள்ளி, ஆனால் ரயிலடியிலேயே பெரிய சூப்பர்மார்க்கெட், செலவும் கம்மி.

பிரதுநாம் துணி வாங்கப் போகிறவர்களுக்கான இடம். மொத்த விலைக் கடைகள், பையோகே கோபுரம், தெருவுக்குத் தெரு இந்தியச் சாப்பாடு. போக்குவரத்து நெரிசல் மட்டும் சொல்லி மாளாது, டாக்சி நகரவே நகராது. நடைபாதை முழுக்கக் கடை, பெட்டி உருட்ட இடமில்லை. அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காவ் சான் சாலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றும் இளைஞர்களுக்கு, ராத்திரி இரண்டு மணிவரை பாட்டுச் சத்தம், ரயிலும் கிடையாது. யாவராத் என்கிற சைனாடவுனில் 2019இல் எம்ஆர்டி வந்தபிறகு போய்வருவது சுலபமாகிவிட்டது. சாயங்காலம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர அருமையான இடம், தங்குவதற்குக் கூட்டம் அதிகம்.

நாங்கள் எடுத்தது சுரசக் ஸ்டேஷனுக்கும் சிலோம் சாலைக்கும் நடுவில் ஒரு சோய். காரணங்கள் நிறைய. அடுத்த ஸ்டேஷன் சபான் தக்சின், அதன் கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை. சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினால் நெரிசலே இல்லாமல் தா சாங் துறையில் இறங்கி அரண்மனைக்கு நடந்துவிடலாம், தா தியன் துறையில் வாட் போ கோயில், அக்கரையில் வாட் அருண் கோயில். ஊரின் பழைய பகுதிக்கு ஆறு, புதிய பகுதிக்கு ரயில், இரண்டும் காலடியில் கிடைக்கும் இடம் பாங்காக்கில் இதுதான் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது, சிலோம் சாலையில் பான் சாலை முனையில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன தமிழர்கள் கட்டியது, நம்மூர்க் கோபுரம், நம்மூர் அர்ச்சனை. உள்ளே போனால் கும்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தாய்லாந்துக்காரர்கள், சாமந்தி மாலையும் தேங்காயும் தட்டில் வைத்துக்கொண்டு அவ்வளவு பக்தியாக நிற்கிறார்கள். அம்மா தினமும் காலையில் தனியாகவே நடந்து போய்விட்டு வந்தாள். வெளிநாட்டில் எழுபது வயதைத் தாண்டியவள் துணையில்லாமல் ஒரு இடத்துக்குப் போய்வந்தாள் என்பதைவிட அந்த ஏரியாவுக்கு நான் என்ன சான்றிதழ் கொடுப்பது!

சோயும் நல்ல சோய். முனையில் ஆரஞ்சு நிற அங்கி போட்ட பைக் டாக்சிக்காரர்கள், அடுத்து விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு செவன் இலெவன், அதற்கப்புறம் சலவைக்கடை, ஒரு நூடுல்ஸ் வண்டி. ஒவ்வொரு கட்டிடத்துக்கு முன்னாலும் காவல் தெய்வத்துக்கு ஒரு குட்டி வீடு, அதன் முன்னால் ஸ்ட்ரா போட்டுத் திறந்துவைத்த சிவப்பு ஃபாண்டா பாட்டில். காலையில் ஆபீஸ் போகிற கூட்டத்துக்காக ஒரு பழவண்டி வரும், அந்த அம்மா கொய்யாவை எடுத்து நாலே வெட்டில் துண்டு போட்டு, கவரில் தள்ளி, மூங்கில் குச்சி ஒன்றைச் செருகி, மிளகாய்த்தூளும் சர்க்கரையும் உப்பும் கலந்த சின்னப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார். இரண்டாம் நாளே எங்கள் அம்மாவைப் பார்த்ததும் பழுத்ததாகத் தேடி எடுக்க ஆரம்பித்துவிட்டார், பல் இருக்கும் நிலைமை அவருக்கே புரிந்துவிட்டது. ஒரு தெரு பாதுகாப்பானதா என்று நான் பார்க்கும் விதமும் இதுதான். சிசிடிவி எத்தனை, செக்யூரிட்டி உண்டா என்பதெல்லாம் அப்புறம். ராத்திரி பத்து மணிக்கு அந்த வழியில் வேலை முடிந்து பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா, கடைவெளிச்சம் வாசல்வரை தொடர்ந்து வருகிறதா, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் நாமும் நடக்கலாம்.

இதை ஊரிலிருந்தே ஓரளவு பார்த்துவிட முடியும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஸ்டேஷன் வாசலில் ஆரம்பித்து ஹோட்டல் வாசல்வரை நகர்த்திக்கொண்டே போங்கள், நடைபாதை இருக்கிறதா, மதில்சுவர் மட்டும் நீளமாகப் போகிறதா, கடைகள் எங்கே முடிகின்றன என்பதெல்லாம் தெரிந்துவிடும். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு இரண்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிக்கணும், சத்தம், இருட்டு, தண்ணீர் தேங்கும் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். தண்ணீர் தேங்குவது சாதாரண விஷயமில்லை, செப்டம்பர் அக்டோபரில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் தாழ்வான சோய்களில் கணுக்காலுக்கு மேல் நிற்கும், உள்ளே தள்ளி இருக்கும் ஹோட்டலில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வந்து இறங்கும் நேரத்தையும் ஏரியாவோடு சேர்த்தே யோசிக்கணும். நம் ஊரிலிருந்து போகும் விமானங்கள் பல நடுராத்திரி கிளம்பி விடிகாலையில் இறக்கிவிடும், அறை கிடைப்பது மதியம் இரண்டு மணிக்குத்தான். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் ரயில் 45 பாத்தில் பயா தாய் ஸ்டேஷன்வரை அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடுகிறது. அங்கே பிடிஎஸ் மாறி, சியாமில் இறங்கி, அதே நடைமேடையில் எதிர்ப்பக்கம் வரும் சிலோம் லைன் ரயிலில் ஏறினால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி மாற வேண்டியதில்லை. அம்மாவுக்காக நாங்கள் போகும்போது டாக்சிதான் எடுத்தோம், விமான நிலையத்தில் வரிசைச்சீட்டு எடுத்து மீட்டர் வண்டியிலேயே ஏறலாம், மீட்டருக்கு மேல் 50 பாத் தனி, சுங்கச்சாவடிக் காசு தனி. திரும்பும்போது ரயிலில் வந்தோம், சிரமமே இல்லை. மலிவு விமானங்களில் சில டான் மூயாங் என்கிற இன்னொரு விமான நிலையத்தில் இறங்கும், அது ஊரின் வடக்குக் கோடி, அப்படி வருகிறவர்களுக்கு ஊருக்குள் வடபக்கம் இருக்கும் ஆரி ஏரியாவில் தங்குவது நல்ல யோசனை.

ஒன்று மட்டும் எந்த ஏரியாவில் தங்கினாலும் மாறாது. அரண்மனைப் பக்கம் நல்ல உடுப்பு போட்ட ஒருவர் வந்து, இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாத்துக்கு டுக்டுக் ஆட்டோ பேசித்தருகிறேன் என்பார். மூடியிருக்காது. அந்த வண்டி போய் நிற்பது ரத்தினக்கல் கடையில். சிரித்துக்கொண்டே நேராக வாசலுக்கு நடந்துவிடுங்கள். சுற்றுலாக் காவல்துறை எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள், போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிலோம், சாத்தோர்ன் பக்கம் ஒரே குறை, அது ஆபீஸ் ஏரியா என்பதால் சனி ஞாயிறு பல சாப்பாட்டு வண்டிகள் வராது, தெரு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும். கோயிலைச் சுற்றி இருக்கும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளால் எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த முறை நவராத்திரிக்குப் போகலாம் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள், விஜயதசமி ராத்திரி மாரியம்மன் ஊர்வலம் சிலோம் சாலையில் வரும்போது வழிநெடுக தாய்லாந்துக்காரர்கள் சாமந்திப்பூ அலங்காரத்தோடு மேஜை போட்டுப் படையல் வைத்துக் காத்திருப்பார்களாம். போகிறவர்கள் கவனிக்கவேண்டியது, அன்றைக்கு அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். பெட்டியோடு வந்து இறங்குவதாக இருந்தால் டாக்சியை நம்பாமல் பிடிஎஸ்ஸில் சுரசக்கோ, 2021இல் புதிதாகத் திறந்த செயிண்ட் லூயிஸ் ஸ்டேஷனோ வந்து, சாத்தோர்ன் பக்கத்திலிருந்து உள்ளே நடந்துவிடுங்கள்.