பைத்தான் கணக்கில் வராத மெமரி

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட். துணியைக் கேமராவில் பார்த்து ஹோல், நீடில் லைன், எண்ணெய்க் கறை எல்லாம் பிடிக்கும் பைத்தான் நிரல் அங்கே ஓடுகிறது. கேமராவோடு வந்த லைப்ரரி சி-யில் எழுதியது; பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் (ctypes) வழியாக அழைக்கிறோம். நைட் ஷிப்டில் மெமரி ஏறிக்கொண்டே போய், கடைசியில் லினக்ஸே நிரலைக் கொன்றுவிடும்.

"ஷிப்டுக்கு ஒருக்கா ஆஃப் பண்ணிப் போட்டா அது பாட்டுக்கு ஓடுதுங்க தம்பி, உட்டுருங்க" என்றார் சூப்பர்வைசர். பாதிப் பேர் அப்படித்தான் காலத்தை ஓட்டுகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

பைத்தானின் மெமரி கணக்குக் கருவியான ட்ரேஸ்மாலக் (tracemalloc) போட்டுப் பார்த்தால் கணக்கு அசையவே இல்லை. ஆனால் நிரல் மொத்தமாகப் பிடித்திருக்கும் ரேமை லினக்ஸ் காட்டும் விஎம்ஆர்எஸ்எஸ் (VmRSS) ஏறுகிறது. இதுதான் துப்பு. பைத்தான் ஒதுக்கியதைத்தான் ட்ரேஸ்மாலக் எண்ணும். சி லைப்ரரி தானாக மாலக் (malloc, சி-யில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) போட்டது அதன் கண்ணில் படாது. பைத்தானின் குப்பை அள்ளும் ஜிசி கலெக்ட்டைக் (gc.collect) கூப்பிட்டும் புண்ணியமில்லை.

அப்புறம் கேமராவை விட்டுவிட்டு, சேமித்து வைத்த ஒரே படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாக லூப்பில் ஓடவிட்டேன். முடிவைச் சரமாக (எழுத்துத் தொடராக) தரும் ஃபங்ஷனில் மட்டும் மெமரி ஏறியது. லைப்ரரியின் ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் ஹெடர் ஃபைலில் அதற்கு மேலேயே கமெண்ட் இருக்கிறது, வாங்கிய சரத்தை இந்த லைப்ரரியின் ஃப்ரீ ஃபங்ஷனிடமே கொடுத்துவிட வேண்டும் என்று. நிரலில் அந்த அழைப்பே இல்லை. இருந்திருந்தாலும் உதவாது: ஃபங்ஷன் திருப்பித் தரும் வகையைச் சொல்லும் ரெஸ்டைப் (restype) சி_சார்_பி (c_char_p) என்று இருந்தால், சிடைப்ஸ் சரத்தைப் பைட்ஸாக நகலெடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, சரம் இருக்கும் முகவரியான பாயிண்டரைத் தொலைத்துவிடும். அப்புறம் எதை விடுவிப்பது?

அதை வெறும் முகவரியைத் தரும் சி_வாய்ட்_பி (c_void_p) என்று மாற்றி, ஸ்ட்ரிங்_அட் (string_at) வைத்து அந்த முகவரியிலிருந்து சரத்தை எடுத்துக்கொண்டு, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி (finally) பகுதியில் விடுவிக்கும் அழைப்பை வைத்தேன். இங்கே ஒரு பள்ளம் உண்டு. இப்போது கையில் வரும் முகவரி வெறும் பைத்தான் எண். ஃப்ரீ ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் (argtypes, உள்ளே போகும் மதிப்பின் வகை) சொல்லாமல் விட்டால் அது 32 பிட் இன்ட்டாகப் போகும். 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டு, தவறான முகவரியைத் தொட்டு, நிரல் அங்கேயே செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழும். பொதுவான சி ஃப்ரீயைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். விண்டோஸில் லைப்ரரி மெமரி ஒதுக்கும் இடமான ஹீப் வேறாகவே இருக்கலாம்.

திருத்திய பிறகும் விஎம்ஆர்எஸ்எஸ் தொடக்கத்தில் கொஞ்சம் ஏறி, ஓர் இடத்தில் நின்றுகொள்கிறது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். விடுவித்த மெமரியையெல்லாம் மாலக் உடனே லினக்ஸ் கெர்னலிடம் ஒப்படைப்பதில்லை.