கடலோரப் பொறியாளர் என்று நிரூபிக்க நான் பட்ட பாடு

பணி நியமன ஆணை வந்துவிட்டது. மத்திய அரசில் சயின்டிஸ்ட் சி, ஊதிய நிலை லெவல் 11. சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னால் நடந்த கூத்தை எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட நினைக்கிறேன். கொஞ்ச நாள் போனால் எல்லாம் சுலபமாக முடிந்ததுபோல் எனக்கே தோன்றிவிடும். கடலோரப் பொறியியலில் எம்.டெக்கோ பிஎச்.டியோ முடித்துவிட்டு, புராஜெக்ட் வேலையில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக இது. கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண், ஜேஆர்எஃப் ஆராய்ச்சி உதவித்தொகை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

நான் பி.இ. சிவில். எம்.டெக் கடலோர மேலாண்மை. பிறகு ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் புராஜெக்ட் அசோசியேட். அதன் பிறகு தூண்டில் வளைவுகளுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள்) வடக்கே கரை எப்படி அரிக்கிறது என்பதில் பிஎச்.டி. இதில் எது என்னைக் கவிழ்க்கப் பார்த்தது தெரியுமா? எம்.டெக் பட்டத்தின் பெயர்.

விளம்பரத்தில் "சிவில், ஓஷன், ஹார்பர் இன்ஜினியரிங் அல்லது அதற்கு இணையான பாடம்" என்று தெளிவாக இருந்தது. விண்ணப்ப இணையதளத்தில் அந்த 'இணையான' மட்டும் இல்லை. கீழிறங்கும் பட்டியலில் சிவில், ஓஷன், ஹார்பர், அப்புறம் 'மற்றவை'. 'மற்றவை'யைத் தொட்டால் சிவப்பு எழுத்தில் "தகுதி பொருந்தவில்லை". உதவி எண்ணில் பேசியவர், "சிவில்னு போட்டுட்டுப் போங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். தயவுசெய்து செய்யாதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் பட்டத்தில் ஒன்று, படிவத்தில் ஒன்று என்று வந்தால், தவறான தகவல் கொடுத்ததாக நிராகரிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. போனில் சொன்னவர் அப்போது இருக்கமாட்டார். நான் ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, "மற்றவை என்று பதிவு செய்து பாடத்திட்டத்தை இணைக்கவும்" என்ற பதிலை எழுத்தில் வாங்கினேன். இரண்டே வரி. கடைசிவரை என்னைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு.

பாடத்திட்டத்தை இணைக்கச் சொன்னார்கள் அல்லவா, அதில் பல்கலைக்கழக முத்திரை வேண்டும். துறைக்குப் போனால் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் என்றார்கள். அங்கே போனால் கல்விப் பிரிவு. கல்விப் பிரிவில் இருந்த எழுத்தர் என் பட்டச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மேனேஜ்மென்ட்னா எம்.பி.ஏ.தானே? இதுக்கு எதுக்கு இன்ஜினியரிங்னு சர்டிபிகேட்?" என்றார். பாடப் பட்டியலை நீட்டினேன். அலை இயக்கவியல், வண்டல் நகர்வு, கடலோரக் கட்டுமானங்கள் என்று விரலை வைத்துப் படித்தார். "அப்போ இது பிசிக்ஸா?"

அவர்மேல் முழுக்கப் பழிபோடவும் மனம் வரவில்லை. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் நிஜமாகவே பல திசைகளிலிருந்து வருகிறார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் 1993-ல் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், 1916 முதல் இயங்கும் புனே கடக்வாஸ்லா நீர், மின் ஆராய்ச்சி நிலையம், சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை என்று எங்கே போய்ப் பார்த்தாலும் சிவில்காரர் பக்கத்தில் கப்பல் கட்டுமானம் படித்தவர், அவர் பக்கத்தில் நிலவியல்காரர், ஒரு ஓரத்தில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு தொலையுணர்வு படித்தவர் என்று இருப்பார்கள். கரை ஏன் உள்வாங்குகிறது என்ற கேள்விக்கு அத்தனை பேரும் வேண்டும். ஆனால் அலுவலகக் கோப்பில் ஒரு பெயருக்குத்தான் இடம். அதனால் படிக்கும்போதே செய்துவைத்துக்கொள்ளுங்கள்: கிரெடிட்டுடன் கூடிய பாடத்திட்டம், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, "இப்பட்டம் பொறியியல் புலத்தின் கீழ் வழங்கப்படுகிறது" என்ற ஒரு வரியுடன் பதிவாளர் கடிதம். எனக்கு அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை அலைச்சலும்.

பட்டம் ஒருவழியாக முடிந்தது. அனுபவச் சான்றிதழ் அதைவிட மோசம்.

புராஜெக்ட் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆறு மாத ஒப்பந்தம் முடிந்ததும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு அடுத்த ஒப்பந்தம் போடுவார்கள். நாம் அந்த ஒரு நாளும் வேலைக்குப் போயிருப்போம், அது வேறு கதை. நான் வேலை பார்த்த நிறுவனம் முதலில் தந்த சான்றிதழில் கடைசி ஒப்பந்தத்தின் தேதிகள் மட்டும் இருந்தன. பதவி என்ற இடத்தில் "புராஜெக்ட் பணியாளர்". என்ன வேலை, என்ன ஊதியம், முழுநேரமா என்று ஒன்றும் கிடையாது. விளம்பரத்தில் இவை அத்தனையும் கேட்டிருந்தார்கள். "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தாம்மா" என்று பதில். என் திட்டத் தலைவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். திட்டக் கோப்பு பதிவறையில் இருப்பதாகச் சொன்னார்கள். பதிவறைச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில்.

சரி, நானே ஒரு வரைவு தட்டச்சு செய்து கொடுத்தேன். "கடலடி ஆழ அளவீட்டைத் திட்டமிட்டு நடத்தினார், கரை மாற்றத்தைப் பகுப்பாய்வு செய்தார், தடுப்பு அமைப்பின் முதல்கட்ட வடிவமைப்பைச் செய்தார்." அது என்னிடம் திரும்பி வந்தபோது மூன்று வினைச்சொற்களும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றுக்கும் மேலே ஒரே சொல்: "உதவினார்".

அந்த அளவீட்டை நான் எப்படி நடத்தினேன் என்று இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன். ஃபைபர் படகின் பக்கவாட்டில் இரும்புக் குழாயைக் கட்டி, அதன் அடியில் எக்கோ சவுண்டரின், அதாவது ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவியின், உணரியை மாட்ட வேண்டும். குழாய் செங்குத்தாக நிற்கவில்லை என்றால் ஆழம் முழுக்கத் தப்பு. பிறகு பார் செக். ஒரு இரும்புத் தகட்டை அளவு குறித்த சங்கிலியில் கட்டி, உணரிக்கு நேர் கீழே 2 மீட்டர், 4 மீட்டர் என்று இறக்கி, கருவி அதே ஆழத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது. தண்ணீரின் வெப்பமும் உப்பும் மாறினால் ஒலியின் வேகம் மாறும். காலையில் சரியாக இருந்தது மதியம் விலகும். அலை அடிக்கும் இடத்துக்குள் படகைக் கொண்டுபோக எந்தக் கருவியும் வழி சொல்லாது. படகோட்டி அண்ணன்தான் அலைகளை எண்ணிக்கொண்டே இருந்து, "இப்பப் போலாம் பாப்பா" என்பார். இடைவெளியில் ஒரு அளவீட்டுக் கோடு ஓடி முடித்துவிட்டுத் திரும்புவோம். கரையில் கோயில் மதில் ஓரம் உயரத்தை ஒப்பிடப் பெயின்டால் குறித்து வைத்த மட்டக் குறியைத் திருவிழாவுக்கு வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். மறுபடி தொலைவிலிருந்து மட்டம் கொண்டுவந்தேன். இதற்குப் பெயர் "உதவினார்".

என்னை மீட்டது நிறுவனம் அல்ல, ஒரு அறிக்கை. திட்டத்தின் இறுதி அறிக்கையில், முதல் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், "கள அளவீடு மற்றும் பகுப்பாய்வு" என்பதற்கு நேராக என் பெயர் மட்டும் இருந்தது. அந்தத் திட்டத் தலைவர் அந்த விஷயத்தில் நியாயமான மனிதர். அறிக்கைப் பக்கத்தை நகலெடுத்து, எல்லா ஒப்பந்த ஆணைகளையும் தேதி வரிசையில் அடுக்கி, கணக்குப் பிரிவில் மாதவாரி ஊதிய விவரம் வாங்கி, வருமான வரிப் பிடித்தத்தைக் காட்டும் படிவம் 16-ஐயும் சேர்த்து எழுத்தருக்கு மேலே இருந்த அதிகாரியிடம் போனேன். அவர் படித்துவிட்டு, "வடிவமைத்தார்னு போட முடியாது, மத்த ரெண்டும் போடலாம்" என்றார். போதும் என்று வந்துவிட்டேன்.

அப்படியும் முதல் பட்டியலில் என் பெயர் "தகுதியற்றோர்" பகுதியில்தான் வந்தது. காரணம்: போதிய தொடர் அனுபவம் இல்லை. அந்த ஒருநாள் இடைவெளிகள்! இப்படிப்பட்ட தற்காலிகப் பட்டியல் வந்தால் மனம் உடைந்து மூடிவைத்துவிடாதீர்கள். முறையீடு அனுப்ப ஒரு கடைசித் தேதி போட்டிருப்பார்கள். நான் ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டேன். ஒப்பந்த எண், தொடக்கம், முடிவு, மொத்த நாட்கள். இடைவெளிகளை முழுசாகக் கழித்துவிட்டுக் கூட்டினாலும் கேட்ட அனுபவத்துக்கு மேலேயே வந்தது. வாதம் எதுவும் எழுதவில்லை, கணக்கு மட்டும். திருத்திய பட்டியலில் பெயர் வந்துவிட்டது. பிஎச்.டி. செய்த காலத்தை அனுபவமாகக் கணக்கில் காட்டாதீர்கள். பல விளம்பரங்களில் அது செல்லாது என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

நடுவில் ஓ.பி.சி. சான்றிதழ். பள்ளியில் வாங்கி லேமினேட் செய்துவைத்த மாநில அரசின் பி.சி. அட்டை மத்திய அரசு வேலைக்கு ஆகாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) இல்லை என்று தனியாக வாங்க வேண்டும். இதுவும் தெரிந்ததுதான். தெரியாதது, கிராம நிர்வாக அலுவலகத்தில் என் கணவரின் சம்பளச் சீட்டைக் கேட்பார்கள் என்பது. கிரீமி லேயர் பார்ப்பது பெற்றோரின் நிலையை வைத்து. கணவர் சம்பளமும் என் சம்பளமும் அதில் வராது. 1993 செப்டம்பர் 8-ம் தேதியிட்ட மத்திய அரசு உத்தரவின் அட்டவணையே 'மகன், மகள்' என்றுதான் பேசுகிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகே கையெழுத்து. கல்யாணமான பெண்கள் அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நேர்முகத் தேர்வுதான் இத்தனையிலும் நிம்மதியான இடம். பட்டத்தின் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைவர் கேட்ட முதல் கேள்வி: "கல் தடுப்புக்குக் கல்லின் எடையை ஹட்சன் வாய்பாட்டில் போடுகிறீர்கள். எந்த அலை உயரத்தைப் போடுவீர்கள்?"

கேள்வி பார்க்கச் சின்னது. அந்த வாய்பாட்டில் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். உயரத்தில் 10 சதவீதம் பிசகினால் எடையில் 33 சதவீதம். உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியை எடுப்பது வழக்கம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் 1984 கையேடு, உயர்ந்த பத்தில் ஒரு பங்கின் சராசரியை எடுக்கச் சொன்னது. அது முன்னதைவிட சுமார் 1.27 மடங்கு. மும்மடி எடுத்தால் எடை இரட்டிப்பு. 4 டன் கல் 8 டன்னாகிவிடும். அந்தக் கல்லைத் தர குவாரி இருக்கிறதா, ஏற்ற கிரேன் இருக்கிறதா, இல்லையென்றால் டெட்ராபாடுக்கு (நாலு கால் கான்கிரீட் கட்டி) போக வேண்டுமா என்பதுவரை அந்த ஒரு தேர்வில் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, அதற்கும் முன்னால் தடுப்பின் அடியில் ஆழம் என்ன என்று பார்ப்பேன் என்றேன். 3 மீட்டர் ஆழத்தில் சுமார் 2.3 மீட்டருக்கு மேல் அலை வராது, உடைந்துவிடும். ஆனால் புயலில் நீர்மட்டம் ஏறி, அடியில் மணலும் அரித்து, அந்த 3 மீட்டர் 4.5 ஆனால்? அலை 3.5 மீட்டர்வரை வரும். எடை மூன்று மடங்குக்கு மேல். கட்டிய சில வருஷத்தில் கற்கள் சரிந்து கிடக்கும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தலைவர் எதையோ எழுதிக்கொண்டார்.

இயற்பியல் பின்னணி உள்ள ஒரு மேடம் புதுச்சேரிக்கு இழுத்தார். எண்பதுகளில் நகரத்துக்குத் தெற்கே துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபின் வடக்கே மணல் வருவது நின்று, கடற்கரை போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. 2018-ல் சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ எஃகு அமைப்பை நீருக்கடியில் இறக்கினார்கள், மணல் திரும்பியது. "திரும்பியது அந்த அமைப்பால்தான், பருவ மாற்றத்தால் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?" நல்ல கேள்வி. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே வரும், வருஷ முடிவில் மிச்சம் வடக்குக்கு. அதனால் ஜூலைக் கரையையும் டிசம்பர் கரையையும் ஒப்பிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். ஒரே மாதத்தை வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட வேண்டும், அமைப்புக்கு வெகுதூரத்தில் உள்ள கரையையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றேன். "எத்தனை வருஷம்?" என்றார். அதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

தேர்வான பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது: சரிபார்ப்புப் படிவம். கடந்த ஐந்து வருஷத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிய எல்லா முகவரிகளும் அதில் வேண்டும். களப்பணிக்காக மீனவ கிராமத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீடும் அதில் சேரும். அதைக் குறிப்பிட்டுவிட்டு, வீட்டுக்கார அக்காவிடம் சொல்ல நேரம் கிடைப்பதற்குள் போலீஸ்காரர் அவர் வாசலில் போய் நின்று என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். ராத்திரி போன் போட்டு, "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று கேட்டார். முகவரியை எழுதும் அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.